ரிவர்ஸ் விழாத காரில் பத்திரிகை வைக்கப் போனது

இப்பல்லாம் கல்யாணப் பத்திரிகை போன்லயே வந்துடுதுன்னு நம்ம வயசு ஆளுங்க உக்காந்து புலம்புறதைக் கேட்டா எனக்குப் பத்திக்கினு வருது. "ஒரு வெத்தலை பாக்கு உண்டா, மஞ்சள் குங்குமம் உண்டா, வாட்ஸ்அப்புல தட்டி வுட்டுட்டு வேலை முடிஞ்சிதுன்னு இருக்கானுங்களே"ன்னு மூக்கைச் சிந்துறீங்க. நேர்ல போய் பத்திரிகை வெக்கறதுன்னா என்னா லட்சணம்னு உங்கள்ல ஒருத்தருக்காச்சும் ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. எங்க அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க எங்கப்பா காரு ஓட்டினாரே, அதுல பின்சீட்டுல உக்காந்துக்கினு போனவ நான்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. கரும்பு போடுற குடும்பம். நான் அப்ப அஞ்சாங்கிளாஸ். தை மாசத்துல கல்யாணம். நான் சொல்ற நாளுக்கு மறுநாள் காலையில பந்தக்கால். பந்தக்கால் நட்டுட்டா கல்யாணம் முடியிற வரைக்கும் பெத்தவங்க ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு எங்க பக்கத்துல ஒரு சாத்திரம். அதனால அன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கி. பாக்கி இருந்த வூட்லயும் முக்கியமானது ஒண்ணுதான். வெள்ளிமலையில வாத்தியாரா இருந்த எங்கம்மாவோட அண்ணன் வூடு, அதாவது எங்க மாமா வூடு.

தாய்மாமன் இல்லாம எங்க பக்கம் கல்யாணம் நடக்காது. பந்தக்கால்ல மொதல் கை அவர்தான் வெக்கணும். முகூர்த்தத்துல பொண்ணு நெத்தியில மொதல் பட்டம் அவர்தான் கட்டணும். ஊரு உறவு எல்லாருக்கும் பத்திரிகை வெக்கறதுக்கு முன்னால அவருக்குத்தான் வெக்கணும். ஆனா எங்க வூட்ல அவர் கடைசி. ஏன்னா எங்கப்பாவுக்கும் அவருக்கும் வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கெடையாது. காரணத்தைக் கேட்டீங்கன்னா தலையில அடிச்சிக்குவீங்க. ஒரு சாம்பார் வாளி.

எனக்குக் காது குத்தினப்போ மாமா மடியிலதான் உக்கார வெச்சாங்க. சீரெல்லாம் கொண்டாந்து தட்டு தட்டா வெச்சிருந்தாரு. குத்தி முடிஞ்சு மொதல் பந்தி போட்டாங்க. மாமா எலை முன்னால உக்காரப் போற நேரத்துல எங்கப்பா ஓடி வந்து, "மச்சான், பரிமாற ஆள் பத்தல, இந்த வாளியைக் கொஞ்சம் புடிங்க"ன்னு கையில சாம்பார் வாளியைக் குடுத்துட்டாரு. அப்பாவைக் கேட்டா, "நம்மாளுன்னு உரிமையாக் குடுத்தேன். வெளியாளு கிட்டயா குடுப்பேன்?" அப்படிம்பாரு. மாமா அந்தப் பந்தி முடியிற வரைக்கும் வாய் தெறக்காம சாம்பார் ஊத்தினாராம். முடிஞ்சதும் வாளியைக் கீழ வெச்சாரு, கையைக் கழுவினாரு, பஸ் ஏறிட்டாரு. எனக்குக் காதுல குத்தின வலி போறதுக்குள்ள ரெண்டு குடும்பம் பிரிஞ்சிடுச்சு. உரிமைன்னு நெனைச்சவரு ஒருத்தரு, அவமானம்னு நெனைச்சவரு ஒருத்தரு. நடுவுல எங்கம்மா ஒருத்தி. அவளை யாரு கேட்டா?

சரி, காருக்கு வரேன். கல்யாணம் முடிவானதும் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய அம்பாசிடர் வாங்கிட்டு வந்தாரு. வெள்ளைன்னு சொன்னாரு, மோர் கலர்ல இருந்துச்சு. ஸ்டியரிங் பக்கத்துல கைகியரு. எல்லா கியரும் விழுந்துச்சு, ரிவர்ஸ் மட்டும் விழல. போட்டா கறகறன்னு அரைக்கும், வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது, இத மொதல்ல சரி பண்ணுங்க"ன்னு அம்மா சொன்னா. "ஏன், நாம இன்னா பின்னாலயா போறோம்? முன்னாலதானே போறோம்?"னு அப்பா சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நெனைச்சா இன்னைக்கும் எனக்கு எரிச்சலா வருது.

காலையில வெள்ளனவே கெளம்பியாச்சு. முன்சீட்டுல அப்பாவுக்குப் பக்கத்துல எங்க அத்தை, அப்பாவோட அக்கா. எந்த உறவுக்காரங்க எங்க இருக்காங்க, யாரு எதுக்குக் கோவிச்சிக்குவாங்கன்னு அவங்களுக்குத்தான் மனப்பாடம். பின்சீட்டுல அம்மாவும் நானும். அம்மா மடியில பித்தளைத் தாம்பாளம். அதுல வெத்தலை பாக்கு, பூவு, பழம், மஞ்சள் குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவின பத்திரிகை. அது மாமாவுக்குன்னே தனியா எடுத்து வெச்சது.

"நேரா மலைக்குப் போயிடலாங்க. மொதல்ல அண்ணன் வூடு. மீதி வூடு திரும்பி வரும்போது பாத்துக்கலாம்"னு அம்மா சொன்னா.

"போற வழியில ரெண்டு வூடு இருக்குது, பாத்துட்டே போயிடுவோம்"னாரு அப்பா. வழின்னு அவர் சொன்னது எதுன்னு நெனைக்கிறீங்க? மலை தெக்கால மேக்கால இருக்குது. அவர் வண்டியைத் திருப்பினது வடக்கால, மூங்கில்துறைப்பட்டுக்கு. மாமா மொகத்துல முழிக்கறதை எவ்ளோ நேரம் தள்ளிப் போடலாம்னு பாத்திருக்காரு மனுஷன். இப்பப் புரியுது எனக்கு. அன்னிக்கு அவருக்கு வழி தெரியலன்னு நெனைச்சேன்.

மூங்கில்துறைப்பட்டுல கரும்பு அரவை நேரம். ஆலைக்குப் போற ரோட்டுல டிராக்டரும் மாட்டு வண்டியும் கரும்பை ஏத்திக்கினு வரிசையா நிக்குது. காத்தெல்லாம் பாகு வாசனை. அப்பா ஓரமாப் பூந்து போயிடலாம்னு வரிசைக்குள்ள வண்டியை வுட்டாரு. முன்னால ஒரு மாட்டு வண்டி, பின்னால ஒரு டிராக்டரு, ரெண்டு பக்கமும் கரும்புச் சோகை. ஜன்னல் வழியா சோகை உள்ள வந்து என் கன்னத்தைக் கீறுது.

"பின்னால எடு தம்பி"ன்னாங்க அத்தை.

 அத்தைகிட்ட ரிவர்ஸ் விஷயத்தை அப்பா சொல்லவே இல்ல. வரிசையோட நகர்ந்தோம். நகர்ந்து நகர்ந்து கேட்டைத் தாண்டி ஆலைக்குள்ளயே போயிட்டோம். கடைசியில எடை மேடை மேலயே ஏறி நின்னுச்சு எங்க காரு. எடை போடுறவரு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு.

"இன்னாங்க லோடு?"

"பொண்டாட்டி, புள்ள, அக்கா"ன்னு அப்பா கையைக் கூப்பினாரு. "வழி தப்பி வந்துட்டோங்க. அப்படியே அந்தப் பக்கமா எறங்கிப் போயிடறோம்."

அவர் வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சாரு. சுத்தி இருந்த வண்டிக்காரங்களும் சிரிச்சாங்க. யாரோ எனக்கு ஒரு துண்டுக் கரும்பை ஒடிச்சுக் குடுத்தாங்க. நான் மென்னேன், அம்மா சிரிக்கல. தாம்பாளத்து வெத்தலை மேல தண்ணி தெளிச்சுக்கினு வெயிலையே பாத்துக்கினு இருந்தா.

அங்க ஒரு பங்காளி வூட்ல பத்திரிகை வெச்சோம். அவங்க மோர் குடுத்தாங்க, உக்காருன்னாங்க, போட்டோ ஆல்பம் காட்டினாங்க. வெளிய வந்ததும் அத்தை கன்னத்துல போட்டுக்கினாங்க. "அடடா! திருக்கோவிலூர்ல என் சம்பந்தி வூட்ட மறந்துட்டோமே. அவங்களுக்கு வெக்கலன்னா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

"அண்ணி, நேரம் ஆவுது"ன்னா அம்மா.

"தோ, கூப்புடு தூரம்தானேம்மா"ன்னாங்க அத்தை.

திருக்கோவிலூர்ல அன்னிக்குச் சந்தை. அந்தச் சம்பந்திக்காரரு வாசல்லயே நின்னு எங்களைப் பாத்துக் கையைக் காட்டுறாரு. அப்பாவும் சிரிச்சுக்கினே கையைக் காட்டுறாரு. ஆனா வண்டியை நிறுத்த எடமில்ல, ஒரே கூட்டம், பின்னாலேர்ந்து ஒரு லாரி ஹாரன் அடிக்குது. வூட்டைத் தாண்டிட்டோம். தாண்டினவுடனே அப்பா பழக்க தோஷத்துல ரிவர்ஸ் போட்டாரு. கறகற. சந்தையே திரும்பிப் பாத்துச்சு. அப்பதான் அத்தைக்குச் சங்கதி தெரிஞ்சுது.

"டேய், ரிவர்ஸே இல்லாத வண்டியையா வாங்கினு வந்திருக்கற?"

"முன்னால நல்லாப் போவுதுக்கா."

முன்னால நல்லாத்தான் போச்சு. பாலத்தைத் தாண்டி, தென்பெண்ணையைத் தாண்டி, அக்கரையில அரகண்டநல்லூர் வரைக்கும் போய், அங்க ஒரு மைதானத்துல வட்டமடிச்சுத் திரும்பி வந்தோம். அதுக்குள்ள சம்பந்திக்காரரு மொகம் இஞ்சி தின்ன மாதிரி ஆயிருந்துச்சு. "வாசல்ல நிக்கறவனைப் பாத்துக் கையைக் காட்டிட்டுப் போறீங்களே, நான் இன்னா ரோட்டுல நிக்கிற போலீஸ்காரனா?"ன்னாரு. அவரைச் சமாதானப்படுத்த ரெண்டு டம்ளர் காப்பியும் அத்தையோட அரை மணி நேரப் பேச்சும் தேவைப்பட்டுச்சு.

அப்புறம் தியாகதுருகம் பக்கம் மெயின் ரோட்டுல போய்க்கினு இருக்கும்போது அத்தைக்கு இன்னொரு வூடு ஞாபகம் வந்துச்சு. திரும்புற எடத்தைத் தாண்டிட்டோம். ரோட்டுலயே திருப்ப முடியாது, ஒரே மூச்சுல வளைய அகலம் பத்தல. அடுத்த கிராமத்துக்குள்ள எறங்கினோம். அங்க அம்மன் கோயிலைச் சுத்தி ஒரு ரோடு, அதுல சுத்தினா திரும்பிடலாம். சுத்தி வந்தா வெளிய போற வழியில ஒரு கெழவர் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வெச்சிருக்காரு. வண்டி அது மேல ஏறட்டும், கதிரு அடிபட்டாப் போதும்ங்கிறாரு. அப்பாவுக்குப் பயம், கதிரு சக்கரத்துல சுத்திக்கும்னு. மறுபடியும் ஒரு சுத்து. கெழவர் ஓரத்துக் கதிரைத் தள்ளுற வரைக்கும் இன்னொரு சுத்து. மூணாவது சுத்துல பூசாரி கற்பூரத் தட்டோட நடு ரோட்டுல நிக்கிறாரு.

"வேண்டுதலுங்களா? சொல்லி வுட்டிருந்தா அம்மனுக்குப் பூ சாத்தி வெச்சிருப்பேனே."

இல்லைன்னு சொல்ல எங்கப்பாவுக்கு வாய் வரல. எறங்கினாரு, கும்பிட்டாரு. பூசாரி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாரு, பானெட்டுல குங்குமத்தை அப்பினாரு. ஊரே கூடி எங்களை வழியனுப்பி வெச்சுது. அத்தைக்கு ஞாபகம் வந்த வூட்டுக்குப் போனா, பூட்டிக் கெடக்குது.

அப்பத்தான் எங்கம்மா வாயைத் தொறந்தா. கத்தல. "கண்டவங்க வூட்டுக்கெல்லாம் போயாச்சு. இன்னிக்கு எங்கண்ணன் வூட்டு வாசல்ல நான் நிக்கலன்னா, நாளைக்குப் பந்தக்கால்ல நானும் நிக்க மாட்டேன்." அவ்ளோதான் சொன்னா. அத்தை அதுக்கப்புறம் யாரையும் ஞாபகப்படுத்திக்கல. கள்ளக்குறிச்சியில டீ குடிக்கக்கூட அப்பா நிறுத்தல. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி மலை ஏற ஆரம்பிச்சுது.

மலை ரோடு உங்களுக்குத் தெரியும். இப்ப மாதிரி அகலமெல்லாம் கெடையாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், கீழ மரத்தோட தலைங்க தெரியுது. ரெக்சின் சீட்டுச் சூடெல்லாம் போய், ஜன்னல்ல ஜில்லுன்னு காத்து. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு கொண்டை ஊசி வளைவுல திரும்பினா, எதிர்ல நெத்திக்கு நெத்தி பஸ்ஸு. வெள்ளிமலையிலேர்ந்து எறங்கி வர்ற பஸ்ஸு.

"கொஞ்சம் பின்னால எடுங்க சார், வளைச்சிக்கிறேன்"னு டிரைவர் தலையை நீட்டினாரு.

"ஏறுற வண்டிக்குத்தான்யா வழி வுடணும்! நீ எடு பின்னால"ன்னு அத்தை கத்தினாங்க. சட்டம் அவங்க பக்கம்தான். ஆனா பஸ்ஸுல படி வரைக்கும் ஆளு. மேட்டுல அதை எப்படிப் பின்னால ஏத்தறது?

"ரிவர்ஸ் விழாதுங்க"ன்னு அப்பா சொன்னாரு. சொன்ன கொரல் பின்சீட்டுல இருந்த எனக்கே சரியாக் கேக்கல.

"இன்னாது?"

"ரிவர்ஸ் இல்லய்யா வண்டியில!"ன்னு அத்தை போட்டு ஒடைச்சாங்க. பஸ்ஸே கொல்லுன்னு சிரிச்சுது.

"நியூட்ரல்ல போட்டு பிரேக்க வுடு சார், தானா எறங்கும்"னாரு டிரைவர். தானா எறங்கும், சரி, எங்க போய் நிக்கும்? பின்னால பள்ளம். அப்பா பிரேக் மேல காலை ஊனிக்கினு வேர்த்து வழியறாரு. அம்மாவும் நானும் அத்தையும் எறங்கிட்டோம். பஸ்ஸுலேர்ந்து ஆளுங்க எறங்கி வந்து காரைப் பின்பக்கமாப் புடிச்சிக்கினாங்க. பொம்பளைங்க சக்கரத்துக்கு அண்டை குடுக்கக் கல்லு பொறுக்கினாங்க. காருக்குப் பின்னாலேர்ந்து யாரோ ஒருத்தரு கணீர்னு சொல்றாரு: "வுடு... வுடு... கொஞ்சம் ஒடி... இந்தப் பக்கம் ஒடி... நிறுத்து! கல்லு வை. இப்ப வுடு..."

அப்பா திரும்பிக்கூடப் பாக்கல. அந்தக் கொரல் சொன்னபடியெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பினாரு. என் கையைப் புடிச்சிருந்த அம்மா கை மட்டும் சட்டுனு இறுகிச்சு. வலிச்சுது எனக்கு.

"அண்ணன்"னா அம்மா.

மாமாதான். சலவை வேட்டி, புதுச் செருப்பு, கக்கத்துல ஒரு மஞ்சப்பை. காரு ஓரமா வந்து நின்னு, பஸ்ஸு வளைஞ்சதுக்கப்புறம்தான் அப்பா எறங்கி யாருன்னு பாத்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கினு நின்னாங்க பாருங்க, அப்படியே ரெண்டு தலையிலும் நறுக்குன்னு கொட்டலாம் போல இருந்துச்சு.

"உங்க வூட்டுக்குத்தாண்ணா வந்துக்கினு இருக்கோம்"னா அம்மா. தாம்பாளத்தை அங்கேயே நீட்டினா.

மாமா ரெண்டடி பின்னால போயிட்டாரு. "ரோட்டுல வெச்சு நீட்டினா அது பத்திரிகையா? வூட்டுக்கு வந்து, வெளக்கு முன்னால, உங்கண்ணி கையில குடுக்கணும்."

"நீங்கதான் எங்கயோ கெளம்பிட்டீங்களே மச்சான்"னு அப்பா இழுத்தாரு.

"கள்ளக்குறிச்சிக்கு. செருப்பு வாங்கணும்"னாரு மாமா. அவர் காலைப் பாத்தேன். செருப்புல இன்னும் மண்ணுகூட ஒட்டல. என்னை அம்மா கிள்ளினா. நான் வாயை மூடிக்கினேன்.

பஸ்ஸு கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பாத்துட்டு, "சார் வரீங்களா இல்லியா?"ன்னாரு. "நீ போப்பா"ன்னுட்டாரு மாமா. கீழ எறங்க வந்த மனுஷன், பத்திரிகை வாங்கறதுக்குன்னு எங்க காருல ஏறித் திரும்ப மேல வந்தாரு. பின்சீட்டுல என் பக்கத்துல உக்காந்தாரு. மஞ்சப்பையை என் மடியில வெச்சாரு. வண்டி ஆடுறப்பெல்லாம் அதுக்குள்ள ஜிகினாத் தாள் சரசரன்னுச்சு. பட்டம்னு தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு எனக்கு. அதுக்கடியில மெத்துன்னு ஒரு பட்டுப் பொடவை. நான் யாருகிட்டயும் சொல்லல.

வெள்ளிமலையில பஸ்ஸு திரும்புற எடத்துல மொதல்ல வண்டியைத் திருப்பி நிறுத்தினாரு அப்பா. அந்தப் புத்தி அப்பயாச்சும் வந்துச்சு. வூட்டுக்கு நடந்தோம். மாமா முன்னால போனாரு. மாமி உள்ள முறத்துல சாமையைப் புடைச்சிக்கினு இருந்தாங்க. நிமிர்ந்து பாத்தவங்க கண்ணுக்கு மாமா மட்டும்தான் தெரிஞ்சிருக்காரு.

"இன்னாங்க, பஸ்ஸ வுட்டுட்டீங்களா? காலையில பந்தக்காலுக்கு யாரு கை வெக்கறது? கூப்புடாட்டிப் போவுது, நான் போவாம எந்தங்கச்சி பொண்ணுக்கு யாரு பட்டம் கட்டுவான்னு ராத்திரியெல்லாம் தூங்காம பொலம்பிட்டு..."

அப்பதான் அவருக்குப் பின்னால எங்களைப் பாத்தாங்க. முறம் கையிலேயே நின்னுபோச்சு. மாமா கூரையை அண்ணாந்து பாத்தாரு. அப்பா செவுத்துக் காலண்டரைப் படிச்சாரு. அத்தை, அந்த அத்தைகூட, தன் கால் வெரலையே பாத்தாங்க.

அம்மா அழுவான்னு நெனைச்சேன். அழல. வெளக்கை ஏத்தச் சொல்லி, அப்பாவைப் பக்கத்துல நிக்க வெச்சு, மாமி கையில தாம்பாளத்தைக் குடுத்தா. குடுத்து முடிச்சதும் திரும்பிச் சொன்னா: "ஒரு வாளி சாம்பாருக்கு நீங்க ரெண்டு பேரும் ரோசத்தை வெச்சிக்கினீங்க. எங்கண்ணன் வூட்டுக் கதவு எனக்கில்லாம போச்சு. ஒரு தீவாளிக்கு, ஒரு பொங்கலுக்கு, என் மொகம் ஏன் வாடிக் கெடக்குதுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா?"

 

மாமிதான் பொழைக்கத் தெரிஞ்சவங்க. "வந்தவங்களுக்குப் பசிக்கும்"னு சொல்லிட்டு உள்ள போனாங்க. சாமைச் சோறு வடிச்சு, அவரைக்காய் போட்டுக் கொழம்பு வெச்சாங்க. எலையும் போட்டாச்சு. கூடத்துல எடம் கம்மி, முன்னால ரெண்டு எலைதான் போட முடிஞ்சுது. காலையிலேர்ந்து மோரும் காப்பியுமா கெடந்த வயிறு, அந்தத் தாளிப்பு வாசனைக்கு எனக்குக் கண்ணைக் கட்டுச்சு.

"மச்சான் உக்காரட்டும் மொதல்ல"ன்னாரு அப்பா.

"நீங்க வூட்டுக்கு வந்த மாப்ள. நீங்க உக்காருங்க"ன்னாரு மாமா.

"இல்ல மச்சான், நான் பரிமாறுறேன்." அப்பா போய்க் கொழம்புக் குண்டானைத் தூக்கிட்டாரு.

"அதெப்படி? என் வூட்ல நீங்க பரிமாறவா?" மாமா குண்டானோட இன்னொரு காதைப் புடிச்சாரு.

இவர் இழுக்க, அவர் இழுக்க, கொழம்பு தளும்பித் தரையில கொட்டுது. அன்னிக்கு வாளியை ஏன் குடுத்தன்னு சண்டை, இன்னிக்குக் குண்டானை ஏன் குடுக்கலன்னு சண்டை. வெளிய வெயில் எறங்கிக்கினு இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள நாங்க மலை எறங்கணும். இவங்க ரெண்டு பேரும் வுடறதா இல்ல.

எங்கம்மா முந்தானையை இழுத்துச் சொருகினா. என்னைக் கையைப் புடிச்சு இழுத்தா. நேரா போய் மொதல் எலை முன்னால சம்மணம் போட்டு உக்காந்தா, பக்கத்து எலையில என்னை உக்கார வெச்சா. கல்யாணமானதுலேர்ந்து எந்த வூட்டு விசேஷத்துலயும் கடைசிப் பந்தியில, பாத்திரத்தை வழிச்சுச் சாப்பிட்ட பொம்பளை. எலையில தண்ணி தெளிச்சுத் தொடைச்சிட்டு நிமிர்ந்து பாத்தா.

"ரெண்டு பேரும் புடிச்சிக்கினு இருக்கறத இங்க ஊத்துங்க"ன்னா.

ஊத்தினாங்க. ஒரு காதை அவர் புடிச்சிக்கினு, ஒரு காதை இவர் புடிச்சிக்கினு, ரெண்டு பேரும் குனிஞ்சு ஊத்தினாங்க. அம்மா நிதானமா பெசைஞ்சா, ஒரு வாய் எடுத்து வெச்சா. "உப்பு கொஞ்சம் கம்மி அண்ணி"ன்னு மாமியைப் பாத்துச் சொல்லிட்டு, அடுத்த வாய்க்குக் கையை வெச்சா.